நிறத்தைப் பார்த்து விலை பேசலாமா?
சின்ஹலைட், டாஃபையிட்: ஓர் ஒப்பீடு

இரத்தினக்கல் என்றதும் நம் வியாபாரிகளுக்கு நினைவில் வருபவை நீலம், மாணிக்கம், வைடூரியம் ஆகியவையே. ஆனால் இலங்கையின் 'இல்லம' எனப்படும் சரளைப் படையில், பலரும் பெயர்கூடக் கேள்விப்படாத கற்களும் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டை இவ்வாரம் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

சாட்டி, வேலணை உள்ளிட்ட யாழ்ப்பாணத் தீவகம் சுண்ணாம்புக்கல் நிலம். அங்கே எவ்வளவு தோண்டினாலும் இரத்தினக்கல் வராது. அங்குள்ள வியாபாரி இரத்தினபுரியிலோ பேருவளையிலோ வாங்கித்தான் விற்கவேண்டும். வாங்கி விற்பவருக்குக் கல்லைச் சோதிக்கும் அறிவும் ஒரு முதலீடுதான்.

சின்ஹலைட் பழுப்பு அல்லது மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடையது. நீண்டகாலம் இதைப் பழுப்புப் பெரிடொட் என்றே விற்று வந்தனர். 1952இல்தான் இது தனிக் கனிமம் என நிரூபணமானது. நம் தீவின் பெயரே அதற்கும் வைக்கப்பட்டது.

டாஃபையிட் இளம் ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களில் கிடைக்கும். சில நிறமற்றவை. 1945இல் டப்ளின் நகரில் டாஃபே என்பவர் வாங்கிய பட்டை தீட்டிய கற்களிடையே 1.419 கரட் கல்லொன்று ஸ்பினல் போலவே இருந்தது. ஆனால் அதனூடே பார்த்தபோது பின்பக்க விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினலில் அப்படித் தெரியாது. 1951இல் அது புதிய கனிமமென அறிவிக்கப்பட்டது.

இனி அளவுகளைப் பார்ப்போம்.

வன்மை: சின்ஹலைட் 6.5 முதல் 7 வரை; டாஃபையிட் 8 முதல் 8.5 வரை.
சாரடர்த்தி: சின்ஹலைட் சுமார் 3.48, டாஃபையிட் சுமார் 3.61.
முறிவுச் சுட்டி: சின்ஹலைட் சுமார் 1.67 முதல் 1.71 வரை, டாஃபையிட் சுமார் 1.72.
இரட்டை முறிவு: சின்ஹலைட் சுமார் 0.038, டாஃபையிட் சுமார் 0.004.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று குழம்புவது குறைவு. ஒவ்வொன்றும் வேறொரு கல்லின் பொட்டலத்தில் ஒளிந்திருப்பதே சிக்கல். அதனால் சோதனையும் கல்லுக்குக் கல் வேறுபடும்.

சின்ஹலைட்டிலும் பெரிடொட்டிலும் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். எனவே லென்ஸ் மட்டும் போதாது. நிறுத்துப் பாருங்கள். 7 கரட் கல்லை நீரில் தொங்கவிட்டு நிறுத்தால், சின்ஹலைட்டில் சுமார் 2.01 கரட் குறையும். சாரடர்த்தி 3.34 உள்ள பெரிடொட்டில் சுமார் 2.10 கரட் குறையும். சிறிய கற்களில் இந்த வித்தியாசம் பிடிபடாது. அப்போது முறிவுச் சுட்டியை அளப்பதே வழி.

டாஃபையிட்டுக்கும் ஸ்பினலுக்கும் சாரடர்த்தி ஏறக்குறைய ஒன்றே. அங்கே தராசு உதவாது. போலரிஸ்கோப்பில் கல்லைப் பல பக்கமும் திருப்பிச் சுழற்றுங்கள். இருளும் வெளிச்சமும் மாறி மாறி வந்தால் அது ஸ்பினல் அல்ல என்று சந்தேகிக்கலாம். டாஃபையிட் மிக அரிது; ஸ்பினல் விலைக்கு விட்டால் நட்டம் உங்களுக்கே.

வன்மையை அறியப் பட்டை தீட்டிய கல்லைக் கீறிப் பார்க்கவேண்டாம், கல்தான் பாழாகும். ஆனால் அதன் அளவு விற்பனைக்கு உதவும். டாஃபையிட் மோதிரத்துக்குத் தாங்கும். சின்ஹலைட்டைப் பதக்கத்துக்கோ தோட்டுக்கோ சொல்லுங்கள்; ஏனைய கற்களுடன் ஒரே பொட்டலத்தில் போடாதீர்கள்.

சந்தேகம் நீங்காவிட்டால், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் சான்றிதழ் பெற்ற பின்னரே விலை பேசுங்கள். பெயர் தெரியாத கல்லைப் பெயர் சொல்லி விற்றால் வாங்குபவர் ஏமாறுவார், அல்லது நீங்கள் ஏமாறுவீர்கள்.