வாங்கிக்கொள்ளவும் பழகு

பாளையங்கோட்டை

அன்பு மகளே,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சபையிலிருந்து வந்த பெண்களைச் சமைக்க விடாமல் திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறாய். யாரையும் எதிர்பார்க்காமல் வாழ்வதுதான் கிறிஸ்து உனக்குத் தந்த சுயாதீனம் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

சுயாதீனத்தைப் பற்றிப் பவுல் அளவுக்கு எழுதியவர் யார்? அவர் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். வாங்கினால் சுவிசேஷத்துக்குத் தடை வரும் என்று கொரிந்தியரிடம் காசு வாங்கவே இல்லை. இதுவரைக்கும் அவர் உன் கட்சி. ஆனால் அதே ஊரில் இருக்கும்போதே மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். பிலிப்பி சபையார் தெசலோனிக்கேக்கும் அனுப்பினார்கள்; பிறகு அவர் காவலில் கிடந்தபோது எப்பாப்பிரோதீத்துவின் கையில் கொடுத்து விட்டார்கள். அந்த மனிதர் வியாதிப்பட்டுச் சாகப் பிழைக்கக் கிடந்து எழுந்தார். தமக்குக் குறைவிலும் வாழத் தெரியும் என்று சொல்கிற அதே நிருபத்தில்தான் பவுல் பிலிப்பியர் கொடுத்ததை மனம் நிறைந்து நினைக்கிறார். ஓரிடத்தில் மறுக்கவும் ஓரிடத்தில் வாங்கவும் அவருக்கு முடிந்தது. கொடுத்துவிட்டு உன்னை ஆள நினைப்பவரிடம் நீயும் வாங்காதே. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. உன் வாசலுக்கு வந்த பெண்கள் அப்படிப்பட்டவர்களா?

பேதுருவும் உன்னைப் போலத்தான். ஆண்டவர் கால் கழுவ வந்தபோது ஒருபோதும் கூடாது என்றார். பார்த்தால் பணிவுதான். இயேசுவோ, கழுவ விடாவிட்டால் உறவே இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றிரவே கெத்செமனேயில் அவர் சீஷர்கள் மூன்று பேரிடம் தம்மோடு விழித்திருக்கச் சொல்லிக் கேட்டார். அவர்கள் தூங்கிப்போனார்கள். சற்று நேரத்தில் விட்டுவிட்டு ஓடப்போகிறவர்கள் என்று தெரிந்தும் கேட்டாரே மகளே! அப்படிக் கேட்க எவ்வளவு விடுதலையான மனசு வேண்டும்!

1520-ல் லூத்தர் எழுதிய சிறு நூல் ஒன்று, கிறிஸ்தவர் எவருக்கும் அடிமையில்லை என்பதையும் எல்லாருக்கும் ஊழியர் என்பதையும் பிரிக்காமல் பேசுகிறது. இரட்சிப்பைச் சம்பாதிக்கும் கவலை இல்லாததால் பிறருக்காக உழைக்க நமக்குக் கை ஒழிகிறது என்பது அவர் வாதம். எல்லாரும் ஊழியம் செய்ய வேண்டுமானால், அதை ஏற்றுக்கொள்ளவும் ஆள் வேண்டுமே. நம் ஊர் அசன விருந்தில் அரிசி கொடுத்தவரும் கொடுக்க முடியாதவரும் ஒரே பந்தியில்தான் உட்காருகிறோம். இலையைப் பார்த்து யார் எவ்வளவு தந்தார் என்று சொல்ல முடியுமா?

பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி கொண்டுவந்தால் வாங்கிக் குடி. அன்றைக்கே பாத்திரத்தில் ஸ்வீட் போட்டுத் திருப்பியனுப்பிக் கணக்கை முடித்துவிடாதே. சபைப் பெண்களுக்கு நீயே போன் பண்ணி வரச் சொல். பெரியம்மா வியாழக்கிழமை ரயில் ஏறுகிறாள். வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

கர்த்தருக்குள்,
பெரியப்பா