பலாலி வழியே யாழ்ப்பாணம்

கேள்வி: திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச்சில் தொடங்கிய நேரடி விமானத்தில் முதிய பெற்றோரை அழைத்துச் செல்ல விரும்புகிறேன், எக்காலம் உசிதம்?

பதில்: ஆடி அமாவாசையை அடுத்துக் கொடியேறி 25 நாட்கள் நடைபெறும் நல்லூர்க் கந்தசுவாமி மகோற்சவத்தைத் தரிசிக்கும் பாக்கியத்தைப் பெற்றோருக்கு அளிக்க எண்ணுவீர்களாயின், அவ்வழியில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பது சுமார் எண்பது ஆசனங்களே கொண்ட சிறு விமானமாதலாலும், விழாக்காலத்தில் அடியார் கூட்டம் பெருகுமாதலாலும், பிரயாணச் சீட்டையும் தங்குமிடத்தையும் முன்னதாகவே உறுதி செய்துகொள்ளுதல் அவசியம். வெயிலும் கூட்டமும் அவர்களுக்கு ஒவ்வாவிடில் மாசியே சிலாக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். 1981-இல் தீக்கிரையாகிப் பின்னர் மீண்டெழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை, அவசியம், ஆம், அவசியம் காணுங்கள். நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டியிருப்பதால், அதற்கென ஒரு முழுத் தினத்தை ஒதுக்குங்கள். இலங்கைப் பிரவேச அனுமதியைப் புறப்படுமுன்பே பெற்றுவிடுங்கள்.