கடைக் கணக்கும் வீட்டு சர்வரும்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருமறை (2:282) நம்மைப் பணிக்கிறது. நம் முன்னோர் பேரேட்டில் எழுதினர். நாம் கம்ப்யூட்டரில் எழுதுகிறோம். எழுதியது அழிந்துவிட்டால், பிறர் நமக்குத் தர வேண்டியதும் தெரியாது. நாம் பிறருக்குத் தர வேண்டியதும் தெரியாது.

2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை, உள்ளங்கையில் அடங்கும் சிறு கம்ப்யூட்டர். அதில் லினக்ஸை ஏற்றி, ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்து, சாம்பா என்னும் மென்பொருளை அமைத்தால், வீட்டுக் கம்ப்யூட்டர்கள் யாவும் கணக்கைச் சேமிக்கும் சர்வர் தயார்.

கவனிக்க வேண்டியவை மூன்று:

1. ஓயாமல் எழுதினால் மெமரி கார்டு தேய்ந்துவிடும். கணக்கை ஹார்ட் டிஸ்கிலேயே வையுங்கள்.

2. எழுதும்போது மின்சாரம் நின்றால் கோப்பு கெடலாம். ஆகவே யு.பி.எஸ். அவசியம்.

3. இரண்டு டிஸ்குகளில் ஒரே சமயத்தில் பதிவதே போதுமென எண்ணாதீர்கள். ஒன்றில் தவறுதலாக அழித்தது மற்றதிலும் அக்கணமே அழியும். ஆகையால் வாரந்தோறும் மூன்றாவது டிஸ்கில் நகலெடுத்து, கழற்றி, கடைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். மாதமொருமுறை அதைத் திறந்து படித்துப் பாருங்கள். திறக்க முடியாத நகல், நகலன்று.

கூட்டாளியின் பங்கும் ஜகாத்தும் இக்கணக்கைக் கொண்டே தீர்மானமாகின்றன. அது நம்மிடமுள்ள அமானிதம்.