மரத்தரைக்கு அடியில் ஏறும் ஓதம்

பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் காரைக்கால் குடும்பங்களில், பாரிஸ் அடுக்ககத்தில் பார்த்த மரத்தரை நம் கூடத்திலும் வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆசையில் குற்றமில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் நம்பிக்கைகள்தாம் செலவு வைக்கின்றன.

“தளம் போட்டு 28 நாள் ஆச்சு, காய்ஞ்சிடுச்சு.” 28 நாள் என்பது காங்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் கணக்கு. அதில் முதல் சில நாள்கள் நாமே தண்ணீர் விட்டு நனைத்துக்கொண்டிருக்கிறோம். தளம் காய்வதற்குப் பரவலாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு, அங்குலத்துக்கு ஒரு மாதம். அதுவும் உலர்ந்த காற்றில். 4 அங்குலத் தளத்துக்கு நாலு மாதம். ஐப்பசி, கார்த்திகை குறுக்கே வந்தால் அந்த இரண்டு மாதங்களையும் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீனைத் தளத்தில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ ஈரம் உறுதி. வியர்க்கவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டவும் முடியாது. தளத்தில் துளையிட்டு, கனத்தின் 40 சதவீத ஆழத்தில் ஈரமானி வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

“மேலே தண்ணி படாம பாத்துக்கிட்டா போதும்.” தரைத்தளத்தில் பெரிய தொல்லை கீழிருந்து வருகிறது. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் கடலோர மண்ணில், காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். நிரப்பிய மணலில் உப்பு இருந்தால் அது ஈரத்தை இன்னும் பிடித்து வைக்கும். பழைய டைல்ஸ் தடுத்துவிடும் என்றும் நம்பக் கூடாது. அதன் இணைப்புகளில் ஈரத்துக்கு வழி உண்டு.

“தேக்குக்கு ஒண்ணும் ஆகாது.” வைரம் பாய்ந்த தேக்கு பூசணத்தையும் கரையானையும் நன்றாகவே தாங்கும். ஆனால் அழுகாமல் இருப்பது வேறு, அசையாமல் இருப்பது வேறு. 27 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் ஈரம் ஏறக்குறைய 9 சதவீதத்தில் நிலைக்கும். காற்றில் 80 ஆனால் மரத்தில் 16-ஐ நெருங்கும். அந்த வித்தியாசத்துக்கு ஏற்பப் பலகை அகலவாட்டில் உப்பும், சுருங்கும்; நீளவாட்டில் அசைவு அற்பம். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, பிள்ளைகள் வந்ததும் இரவு பகலாக ஏசி ஓடும் வீட்டைவிட மரத்தரைக்குக் கொடுமையான இடம் வேறில்லை. பலகையின் அடி ஈரத்தில் விரிய, மேல் முகம் வறட்சியில் சுருங்க, விளிம்புகள் தூக்கிக்கொண்டு நடு பள்ளமாகும். சுவரோரம் 10–12 மி.மீ. விடாமல் நெருக்கிப் பதித்திருந்தால் தரையே மேடு கட்டும். அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொள்ளும். ஆசாரி ‘இடுக்கு தெரியாம முடிச்சுத் தரேன்’ என்றால் சம்மதிக்காதீர்கள்.

“தாத்தா காலத்து மச்சுப் பலகை இன்னும் கல்லு மாதிரி இருக்கே!” இருக்கும். அது மாடியில் இருக்கிறது. மேலும் கீழும் காற்றோட்டம். மண்மேல் போட்ட தளத்தில் ஒட்டிய பலகைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

தரைத்தளத்தில்தான் வேண்டும் என்றால் முழுமரத்தை விட்டுவிட்டு, பிளைவுட் அடுக்குகளின் மேல் மெல்லிய நிஜ மரம் ஒட்டிய எஞ்சினியர்டு பலகையை எடுங்கள். குறுக்கடுக்குகள் அசைவைக் குறைக்கும். ஒட்டாமல் மிதக்கவிட்டு விரிக்கும் முறையில், அடியில் குறைந்தது 0.15 மி.மீ. பாலிதீனை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டி விரிக்க வேண்டும். ஈரம் அதிகமுள்ள தளத்துக்கு அதுவும் மருந்தாகாது. மலிவாகக் கிடைக்கும் லேமினேட் மரமே அல்ல. மரத்தூள் அட்டையின் மேல் அச்சிட்ட படம். ஒருமுறை ஊறி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் வீடு கழுவியதாக மனசு ஒப்பும் என்பவர்கள், கூடத்துக்குச் செங்காவித் தரையை வைத்துக்கொண்டு மரத்தை மாடி அறைக்கு அனுப்பிவிடலாம்.