இதழுக்கு எடை போடும் எண்

உங்கள் இடது தோளின் மேற்பகுதியைத் தடவிப் பாருங்கள். உங்களில் பெரும்பாலோருக்கு அங்கே பருப்பு அளவில் ஒரு தழும்பு இருக்கும். பிறந்த சில நாட்களில் போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. காசநோய்க்கு எதிரான இந்த ஊசி எவ்வளவு தூரம் காக்கிறது என்று அறிய உலகில் நடந்த சோதனைகளுள் மிகப் பெரியது நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் 1971 வரை ஏறத்தாழ 2,60,000 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். சிலருக்கு உண்மையான தடுப்பு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கே தெரியாது. பிறகு 15 ஆண்டுகள் அந்த மக்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து அந்த ஊசி காக்கவில்லை! குழந்தைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பும் குறைவே. பிரிட்டனில் பள்ளி மாணவரிடையே 1950இல் தொடங்கிய சோதனையிலோ நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பாதுகாப்புக் கிடைத்திருந்தது. (பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை இவ்வூசி நன்கு தடுக்கிறது. இது வேறு ஆய்வுகளில் தெரிந்த உண்மை. ஆகவேதான் இன்றும் போடுகிறார்கள்.)

எட்டயபுரத்துக்கு அருகே எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆய்வுகளுக்கு அப்படிப் பெயர் சூட்ட முடியாது. செங்கற்பட்டில் ஊசி தோற்றது. ஆனால் ஆய்வு தோற்கவில்லை. ‘ஏன் இப்படி?’ என்று உலகெங்கும் நோய் எதிர்ப்பியல் அறிஞர்கள் கேட்கத் தொடங்கினர். மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவினக் கிருமிகள் முன்னரே நம் உடலைப் பழக்கிவிடுவதால் இருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. அப்படி எழுதும்போதெல்லாம், கட்டுரையின் கடைசியில் செங்கற்பட்டு அறிக்கையின் பெயரையும் குறிப்பிட்டனர். இதைத்தான் மேற்கோள் என்கிறோம்.

ஒரு கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்று எண்ணிப் பட்டியலிடலாமே என்று 1955இல் முன்மொழிந்தவர் யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர். இதிலிருந்து இதழ்களுக்கு மதிப்பெண் போடும் முறையும் பிறந்தது. அதன் பெயர் ‘இம்பாக்ட் ஃபாக்டர்’. நாம் தாக்க எண் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதுதான். ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் மொத்தம் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று பார்க்க வேண்டும். அதைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைக்கும் ஈவுதான் தாக்க எண்.

இரண்டே ஆண்டுகள்! இங்குதான் சிக்கல். மானாவாரிக் கரிசலில் ஒரு வருடம் பருத்தி வெடித்துக் குவியும். மறு வருடம் மழை பொய்த்து விதைத்ததும் திரும்பாது. இரண்டு வருட மகசூலை மட்டும் பார்த்து நிலத்துக்கு விலை சொன்னால் உங்கள் தாத்தா ஒப்புவாரா? செங்கற்பட்டுச் சோதனையின் 15 ஆண்டு முடிவு, 1913இல் தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் 1999இல் வந்தது. இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த இதழின் தாக்க எண்ணில் அது சேர்ந்தது 2000, 2001 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டுமே. அதற்குப் பின் வந்த மேற்கோள் ஒன்றுகூடக் கணக்கில் ஏறாது.

இன்னொன்றும் உண்டு. நோய் எதிர்ப்பியல் வேகமாக நகரும் துறை. கட்டுரைகள் ஏராளம், ஒவ்வொன்றின் முடிவிலும் நீண்ட பட்டியல். கணிதத்தில் கட்டுரைகளும் குறைவு, பட்டியலும் குட்டை. ஆகவே இரு துறை இதழ்களின் எண்களை ஒப்பிடுவது, பருத்தியையும் கம்பையும் ஒரே தராசில் நிறுத்தி எது உயர்ந்தது என்று கேட்பது போலத்தான். மறுப்பதற்காகக் காட்டும் மேற்கோளும் ஒன்று, பாராட்டுவதற்காகக் காட்டுவதும் ஒன்று என்றே எண்ணப்படும் என்பதையும் மறக்காதீர்கள்.

முன்பெல்லாம் இத்தகைய இதழ்களைப் படிக்கப் பெரிய நூலகம் வேண்டும். சந்தாவோ மிக அதிகம். 2002இல் புடாபெஸ்ட் நகரிலிருந்து வெளியான ஓர் அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகளை எவரும் காசின்றிப் படிக்க வழி செய்ய வேண்டும் என்றது. இவ்வாறு வருபவை திறந்த அணுக்க இதழ்கள். மேலே சொன்ன இந்திய இதழும் அவ்வகைதான். எப்போதும்வென்றானில் இருக்கும் மாணவியும் இன்று அதைக் கைபேசியில் படிக்கலாம். சில திறந்த இதழ்கள் செலவை எழுதியவரிடமே வாங்குகின்றன. 2010இல் தொடங்கிய ‘ஃபிரன்டியர்ஸ் இன் இம்யூனாலஜி’ அவற்றுள் ஒன்று. கட்டணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் தாழ்ந்ததாகிவிடாது. ஆயினும் பணத்தை வாங்கிக்கொண்டு, பிற அறிஞர்களிடம் கட்டுரையைக் காட்டிச் சரிபார்க்காமலே அச்சிடும் போலி இதழ்களும் கிளம்பியுள்ளன. அவை அட்டையில் பொய்யான தாக்க எண்ணையும் போட்டுக்கொள்கின்றன!

நீங்களே செய்து பாருங்கள்: ‘அ’ இதழ் இரண்டு ஆண்டுகளில் 40 கட்டுரைகள் வெளியிட்டது, அவற்றுக்கு மறு ஆண்டில் 120 மேற்கோள்கள். ‘ஆ’ இதழுக்கு 200 கட்டுரைகள், 400 மேற்கோள்கள். எதன் தாக்க எண் அதிகம்? ‘அ’ இதழின் 120இல் 90 மேற்கோள்கள் ஒரே கட்டுரைக்கு வந்தவை என்றால், மற்ற 39 கட்டுரைகளின் சராசரி என்ன?

விடை: ‘அ’ 3, ‘ஆ’ 2. அந்த ஒரு கட்டுரையை நீக்கினால் ‘அ’ இதழின் சராசரி 0.77தான்.