அகர வரிசை உதவாத இடம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

படிப்பு முடிந்த கையோடு அழகுசாதனத் தொழிற்சாலையில் மூலப்பொருள் கிடங்கின் பொறுப்பு உனக்குக் கிடைத்திருப்பதாக அக்கா சொன்னாள். ரொம்ப மகிழ்ச்சி. கிடங்கில் இருப்பதையெல்லாம் ஆங்கில அகர வரிசையில் அடுக்குவதுதான் உன் முதல் வேலை என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நூலகத்துக்கு அந்த வரிசை சரி. ரசாயனக் கிடங்குக்கு ஆகாது.

ஏன் என்று சொல்கிறேன். நீ நினைத்தபடி அடுக்கினால் ஹைட்ரஜன் பெராக்சைடுக்குப் பக்கத்திலேயே ஐசோபுரோபைல் ஆல்கஹால் வந்து உட்காரும். முன்னது தலைமுடிச் சாயத்தோடு கலக்கிற டெவலப்பருக்கானது. சிதைந்தால் ஆக்சிஜனையும் வெப்பத்தையும் வெளிவிடும். பின்னது சுமார் 12 டிகிரி செல்சியசிலேயே, ஒரு பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி விடுகிற திரவம். இரண்டும் கசிந்து சேர்ந்தால் எரிபொருளும் அதை எரிக்கும் ஆக்சிஜனும் ஒரே இடத்தில் கூடிவிடும். ஆகவே பெயரைப் பார்க்காதே, குணத்தைப் பார். எரியும் திரவங்கள், ஆக்சிஜனேற்றிகள், அமிலங்கள், காரங்கள் என்று நான்கு மூலைகளாக முதலில் பிரித்துவிடு.

எரியும் திரவங்கள்தான் அளவில் அதிகம் இருக்கும். நகப்பூச்சுக்கு வரும் எத்தில் அசிடேட் மைனஸ் 4 டிகிரியிலும், அதை நீக்கப் பயன்படும் அசிட்டோன் மைனஸ் 20 டிகிரி அளவிலுமே பற்றக்கூடிய ஆவியைத் தரும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட அவை பற்றத் தயாராகத்தான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் பொறியைத் தேடிப் பிடிக்கும். அதனால் கூரையோரம் மட்டும் ஒரு காற்றாடி வைத்தால் போதாது, தரையை ஒட்டியும் காற்று வெளியேற வழி வேண்டும். அந்த அறையின் விளக்கும் ஸ்விட்சும் ஃப்ளேம்ப்ரூஃப் வகையாக இருக்க வேண்டும். இரும்பு டிரம்மிலிருந்து உலோகக் கேனுக்கு ஊற்றும்போது இரண்டையும் கம்பியால் இணைத்து எர்த் கொடு. பாயும் திரவத்தில் உருவாகும் நிலைமின்சாரமே பொறியாகிவிடும்.

நகப்பூச்சுக்குப் பளபளப்பான படலத்தைத் தரும் நைட்ரோசெல்லுலோஸை இந்த நான்கு மூலைகளில் எதிலும் சேர்க்காதே. அதற்குத் தனி இடம் வேண்டும். ஆல்கஹாலிலோ நீரிலோ நனைத்துத்தான் அதை அனுப்புவார்கள். அந்த ஈரம் இருக்கும்வரை ஆபத்து கட்டுக்குள் இருக்கும். காய்ந்தால் தானே சூடேறிப் பற்றும். 2015 ஆகஸ்ட் 12 இரவு சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் நடந்தது அதுதான். ஒரு கன்டெய்னரில் இருந்த நைட்ரோசெல்லுலோஸ் வெயிலில் ஈரம் வற்றித் தீப்பிடித்ததாக அரசு விசாரணை அறிக்கை சொல்கிறது. தீ பரவி, அதே கிடங்கு வளாகத்தில் இருந்த அம்மோனியம் நைட்ரேட்டை எட்டியது. 165 பேர் இறந்தார்கள், 8 பேரைக் காணவே இல்லை. இவ்வளவு உயிர்களைக் கொண்டுபோனது எது எதன் அருகே இருந்தது என்பதுதான். அந்த டிரம்களின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, வெயில் படாமல் இருக்கிறதா என்று தவறாமல் பார்.

பெராக்சைடுக்கு இறுக்கமான மூடி ஆகாது. அது மெல்லச் சிதைந்து வாயுவை விட்டுக்கொண்டே இருப்பதால், வாயு வெளியேறும் துளையுள்ள மூடியோடுதான் கலன் வரும். அதை மாற்றி வேறு மூடி போட்டால் கலன் உப்பி வெடிக்கும். வெளியே எடுத்ததில் மீதியை ஒருபோதும் திரும்ப ஊற்றாதே. இரும்புத் துருவோ செம்புத் துகளோ துளி கலந்தாலும் சிதைவு வேகமெடுக்கும்.

சோப்புக்கான காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். மூடியை நன்றாக இறுக்கி வை. கெட்டியான பிளாஸ்டிக் கலன் போதும். அலுமினியப் பாத்திரம் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது, அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கரைக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஆகவே கண் கழுவும் குழாய்க்குப் போகும் வழியில் ஒரு அட்டைப் பெட்டிகூட இருக்க விடாதே.

தரை கழுவும் ப்ளீச்சையும் கிடங்குக்குள் அனுமதிக்காதே. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயுவும், முடிச்சாயத்துக்கு வரும் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் வாயுவும் வரும். இரண்டுமே நுரையீரலைப் பதம் பார்ப்பவை.

திரவக் கலன்களைக் கண்மட்டத்துக்குக் கீழே, கசிவைத் தாங்கும் தொட்டிக்குள் வை. இருப்பதிலேயே பெரிய கலனின் கொள்ளளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகத் தொட்டி கொள்ள வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 200 லிட்டர் டிரம் என்றால் 220 லிட்டர். அமிலத்துக்கும் காரத்துக்கும் ஒரே தொட்டி கூடாது. சிறு கேனுக்கு மாற்றினால் அதே நிமிடம் பெயரும் தேதியும் எழுதி ஒட்டு. குடிதண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்ற விடாதே.

இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது என்று கேட்பாய். வைக்க வேண்டாம். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. 7ஆம் பகுதி சேமிக்கும் முறையையும், 10ஆம் பகுதி எதோடு சேரக்கூடாது என்பதையும் சொல்லும். லாரியிலிருந்து சரக்கு இறங்கும் முன்பே இந்த இரண்டையும் படித்துவிடு. 4ஆம் பகுதி முதலுதவி, 6ஆம் பகுதி சிந்தினால் செய்ய வேண்டியது. தாள்களின் ஒரு படியைக் கிடங்குக்கு வெளியே வை. உள்ளே தீப்பிடித்தால் உள்ளிருக்கும் தாளால் யாருக்கும் பயனில்லை.

கடைசியாக ஒன்று. மாதக் கடைசியில் உற்பத்திப் பிரிவிலிருந்து யாராவது வந்து, “இடமில்லைம்மா, இந்த டிரம்மை இன்றைக்கு மட்டும் இங்கே வைத்துக்கொள்” என்பார். வயதிலும் பதவியிலும் உன்னைவிடப் பெரியவராக இருப்பார். 10ஆம் பகுதியைக் காட்டி, பணிவாக மறுத்துவிடு. எழுத்திலும் பதிவு செய். அப்படி மறுப்பதற்காகத்தான் கிடங்கின் சாவியை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
உன் மாமா