கோடி இருக்கட்டும், தேதி என்ன?

ஆலங்காயத்துத் தம்பிக்கு, வாணியம்பாடியிலிருந்து ஒரு பழைய தோல் மண்டிக் கணக்கப்பிள்ளை எழுதுவது.

கிரிக்கெட், சினிமா, அமெரிக்க வரி மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டித் தம்பி எழுதியிருந்த கட்டுரையை எடுத்துக் கொடுத்தவர் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைக்காரர். “நம்ம பக்கத்துப் பையன், ஆலங்காயம். படிச்சிப் பாருங்க” என்றார். படித்தாயிற்று, இரண்டு தடவை. முதல் தடவை பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துபோக வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை கடைசிப் பத்தியில் அப்படியே உட்கார்ந்துவிட நேர்ந்தது. அந்தப் பத்தியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் தண்ணீர் குடித்த கதை.

விடிவதற்கு முன்பே ஷூ கம்பெனி பஸ் வந்து ஆள் ஏற்றும் ஊரில் வளர்ந்தவருக்கு அப்பர் என்றால் என்ன, கிரஸ்ட் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எம்.ஜி., ஷேர், ஒளிபரப்பு உரிமை எல்லாமும் தம்பிக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆகவே பால பாடம் வேண்டாம். நேராகக் குறைக்கு வந்துவிடலாம்.

முதல் குறை, அந்தப் பந்து. எங்கள் ஊர்த் தோல்தான் ஐ.பி.எல். மைதானங்களில் பந்தாகப் பறக்கிறது என்று கட்டுரை தொடங்குகிறது. கேட்க இனிக்கிறது, ஆனால் பொய்க்கணக்கு. ஐ.பி.எல்.லில் வீசுகிற வெள்ளைப் பந்து ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா. இந்தியாவில் நடக்கும் டெஸ்டுகளின் சிவப்புப் பந்து மீரட் நகரத்து எஸ்.ஜி. அதற்கான தோலைப் படிகாரத்தில் பதப்படுத்தி, நான்கு துண்டாக வெட்டி, தக்கையும் நூலும் சுற்றிய உருண்டைமேல் பொருத்திக் கையால் தைக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பாலாற்றங்கரைக்காரர்கள் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்தார்கள், பிறகு குரோமுக்கு மாறினார்கள். இங்கிருந்து போவது ஷூவும் ‘அப்பர்’ என்கிற ஷூவின் மேல்பாகமும். மீரட்காரன் தைத்த பந்தை ஆம்பூர்க்காரன் பேரேட்டில் வரவு வைத்திருந்தால், அந்தக் காலத்து முதலாளி அதைக் கணக்கப்பிள்ளையின் சம்பளத்தில் பிடித்திருப்பார்.

இரண்டாவது குறைதான் தண்ணீர் குடிக்க வைத்தது. கட்டுரையில் ‘கோடி’ என்ற சொல் முப்பத்தோரு இடத்தில் வருகிறது. பென்சிலால் கோடு போட்டு எண்ணியாயிற்று. ‘தேதி’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

உதாரணத்துக்கு அந்த 48,390 கோடி. 2023 முதல் 2027 வரைக்குமான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் 2022 ஜூனில் ஏலம் போன தொகை அது. 410 ஆட்டங்களால் வகுத்து, ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி சம்பாதிக்கிறார்கள் என்று முடித்துவிட்டார் தம்பி. வகுத்தல் சரி, கணக்கு தப்பு. தொலைக்காட்சிக்கு ஸ்டார் ஒப்புக்கொண்டது ஆட்டத்துக்கு 57.5 கோடி, ஆக 23,575 கோடி. டிஜிட்டலுக்கு வயாகாம்18 ஒப்புக்கொண்டது ஆட்டத்துக்கு 50 கோடி, ஆக 20,500 கோடி. மிச்சம், தேர்ந்தெடுத்த சில ஆட்டங்களுக்கான தனிப் பொட்டலமும் வெளிநாட்டு உரிமையும். டெண்டரில் 2025ஆம் ஆண்டுக்கு 84 ஆட்டம் என்று போட்டிருந்தது, நடந்தது 74. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏலம் முடிந்த அன்று அந்த ஆட்டங்களில் ஒரு பந்துகூட வீசியாகவில்லை. அது சம்பாத்தியம் இல்லை, வாக்குறுதி. தோல் மண்டியில் அதற்கு ‘வரவேண்டியது’ என்று பெயர், தனிப் பேரேடு.

வரவேண்டியது வராமலும் போகும். இந்திய அணியின் சட்டையில் பெயர் போட்டுக்கொண்ட பைஜூஸ் நிறுவனத்திடம் 158.9 கோடி பாக்கியை வசூலிக்க, உலகத்திலேயே பணக்காரக் கிரிக்கெட் வாரியம் பெங்களூரில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியிருந்தது. 2024 ஜூலை 16 அன்று தீர்ப்பாயம் திவால் நடவடிக்கைக்கு அனுமதி கொடுத்தது. அடுத்து சட்டைக்கு வந்தது ட்ரீம்11. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் வந்ததும் அது விலகிக்கொண்டது. செப்டம்பரில் ஆசியக் கோப்பைக்குத் துபாய் போன இந்திய அணி, விளம்பரதாரர் பெயரே இல்லாத சட்டையோடு ஆடியது. மார்பில் வெறும் ‘இந்தியா’. அந்தச் சட்டையைத் தம்பி ‘சுத்தமான தேசப்பற்று’ என்று எழுதியிருக்கிறார். கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது காலியான கடைப் பலகை.

தம்பி தொடாமல் விட்ட இன்னொன்று: 2024 நவம்பரில் அந்த ஸ்டாரும் வயாகாம்18-ம் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆகிவிட்டன. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனால், துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு தரகர்கள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்க்கலாம். முதல் துண்டுக்குள் சொன்ன விலை ஏறவேண்டுமானால், பக்கத்தில் இரண்டாவது துண்டோடு ஒருத்தர் நிற்க வேண்டும். 2027க்குப் பிறகான ஏலத்தில் அந்த இரண்டாவது துண்டு யாருடையது? இது ஒரு கட்டுரைக்கான கேள்வி. தம்பி எழுதினால் படிக்க ஆவல்.

சினிமாப் பகுதிக்கு வருவோம். ‘100 கோடி வசூல்’ போஸ்டரை அப்படியே நம்பிவிட்டார். மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு 2017இல் அரசு வைத்த உச்ச விலை 150 ரூபாய். அதன்மேல் இப்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. 27 ரூபாய், உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. போஸ்டர்காரர் இதையெல்லாம் சேர்த்துத்தான் வசூல் என்கிறார். வரி போனபின் மிஞ்சுவதைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பங்கு போடுகிறார்கள். முதல் வாரம் விநியோகஸ்தர் கை ஓங்கும், நாளாக ஆகத் தியேட்டர் கை. இந்தப் பங்கு வந்துசேரும் முன்பே, வட ஆற்காடு தென் ஆற்காடு ஏரியாவை எம்.ஜி.க்கு, அதாவது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகைக்கு, எடுத்தவர் வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டியிருப்பார். படம் விழுந்தால் அவர் கதி? 2002இல் ‘பாபா’ நஷ்டத்தை ரஜினிகாந்த் ஈடுகட்டினார். அதுவே முன்மாதிரியாகிவிட, ‘லிங்கா’வுக்குப் பிறகு 2015 தொடக்கத்தில் விநியோகஸ்தர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். விற்ற சரக்குக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் தோல் வியாபாரத்தில்கூட அவ்வளவு சுலபமாக நடக்காது.

இந்தக் கணக்கப்பிள்ளையின் தாய்மாமன் படப் பிரதிநிதியாக இருந்தவர். வேலூரிலிருந்து பஸ் கூரைமேல் படப்பெட்டி வரும், கூடவே மாமனும் வருவார். இடைவேளையில் சோடா குடிக்கிற பாவனையில் சுவரோரம் நின்று, பெஞ்சு வரிசைகளைக் கண்ணாலேயே எண்ணுவார். பாட்டிலில் பாதி சோடா அப்படியே இருக்கும். இரண்டாம் ஆட்டம் விட்டதும் மேனேஜர் அறையில் கிழித்த டிக்கெட்டின் பாதிகளைக் கம்பியில் கோத்துக் கொடுப்பார்கள். மாமன் எண்ணிய தலை 412, கம்பியில் டிக்கெட் 360 என்று இருக்கும். வாசலில் கிழிபடாத டிக்கெட் மறுபடி கவுண்டருக்குப் போன சூட்சுமம் அது. “ஐம்பது பேர் சுவரேறிக் குதிச்சாங்களா அண்ணே?” என்று மாமன் சிரித்துக்கொண்டே கேட்பார். மேனேஜர் டீ சொல்வார். நள்ளிரவில் டி.சி.ஆர். என்கிற தினசரி வசூல் தாளில், கார்பன் வைத்து, 400 என்று ஒரு சமாதானத் தொகை ஏறும். தமிழ் சினிமாவின் உண்மையான வசூல் எவ்வளவு என்று இன்றைக்கு யார் சொன்னாலும் அந்தப் பாதி சோடாதான் நினைவுக்கு வருகிறது.

கிழவன் திசைமாறிவிட்டான். இருந்தாலும் இன்னொரு பழங்கதைக்கும் தம்பி இடம் கொடுக்க வேண்டும், கட்டுரையின் மூன்றாம் பகுதியான அமெரிக்க வரிக்கு அது வேண்டியிருக்கிறது.

1989 டிசம்பர். மண்டி வாசல் டீக்கடையில் மூன்றே பேச்சு. நவம்பரில் திறந்துவிட்ட பெர்லின் சுவர். சியால்கோட்டில் வக்கார் யூனிஸ் பந்தில் மூக்கில் ரத்தம் வழிய நின்று ஆடிய பதினாறு வயது டெண்டுல்கர். ஜூனில் வந்தும் இன்னும் தியேட்டரை விட்டு இறங்காத ‘கரகாட்டக்காரன்’. அதே டிசம்பரில் மேற்கு ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனாலைத் தடைசெய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கிற மருந்து அது, இங்கே எல்லாரும் பி.சி.பி. என்பார்கள். எங்கள் கண்ணில் பட்ட எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி கிடையாது. பெர்லின் சுவரைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர்களுக்கு, அதே ஜெர்மனி தங்கள் கிடங்கின் கதவைச் சாத்தியது தெரியாது. புது வருஷத்தில் ஒருநாள் டெலெக்ஸ் வந்தது: சோதனைச் சீட்டு இல்லாத சரக்கை இறக்க முடியாது. அந்த மண்டியின் பேரேட்டில் ஒரு தொகை ‘வரவேண்டியது’ பத்தியில் மாதாமாதம் அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதை நகல் எடுத்து எழுதியது இந்தக் கைதான்.

அதனால்தான் ‘டிரம்ப் வரி போட்டார், ஆம்பூர் அழுதது’ என்ற வாக்கியம் அவ்வளவு எரிச்சல் மூட்டியது. எதுகை மோனைக்கு ஆசைப்பட்டு நடந்ததைத் தவறவிட்டிருக்கிறார். 2025 ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27இல் இன்னொரு 25. ஆகஸ்ட் 27க்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17க்கு முன் அமெரிக்கச் சுங்கம் தாண்டிய சரக்குக்கு இரண்டாவது வரி கிடையாது. ஒரு கன்டெய்னரின் தலைவிதியை ஒரு நாள் முடிவுசெய்தது. வரியைச் சுங்கத்தில் கட்டுகிறவர் அமெரிக்க இறக்குமதியாளர். மறுநாளே தள்ளுபடி கேட்டு மெயில் வருவது ஆம்பூருக்கு. தள்ளுபடி கொடுத்த முதலாளி அதை எங்கே பிடிக்கிறார்? ஜாப் ஒர்க் ரேட்டில், ஓ.டி. என்கிற ஓவர்டைமில். இது போதாதென்று 2023 கடைசியிலிருந்து செங்கடலில் ஹௌதி தாக்குதலுக்குப் பயந்து ஐரோப்பாக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் பத்துப் பதினைந்து நாள் கூடியது. சரக்கு தாமதமானால் பணமும் தாமதம், வங்கி வட்டி மட்டும் தாமதிப்பதில்லை.

தேதி வியாதி நீதிமன்றத்திலும் உண்டு. தோல் ஆலைக் கழிவு கலந்த பாலாறு பற்றிய வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 ஆகஸ்ட் 28. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டிவந்தது 2025 ஜனவரி 30. தோல் ஊரின் பொருளாதாரம் எழுதுகிறவர் இந்த இரண்டு தேதிக்கும் நடுவே கிணறு கெட்டவரை விட்டுவிட்டு எழுதக்கூடாது. தம்பி விட்டுவிட்டார்.

இப்போது அந்தக் கடைசிப் பத்தி.

செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். அப்பர் தைக்கும் அம்மாவுக்கு அந்த மாதம் ஓ.டி. இல்லை, அதனால் செல்போனுக்கு ரீசார்ஜ் இல்லை, அதனால் மகன் ஆலங்காயம் டீக்கடை வாசலில் நின்றபடி ஆட்டம் பார்க்கிறான். பெயரில்லாத சட்டைகள் திரையில் ஓடுகின்றன. கடைக்காரர் “டீ சொல்றியா, நகர்றியா?” என்கிறார். பையன் ஒரு டீ சொல்லிவிட்டு ஆறவிட்டுக் குடிக்கிறான், இருபது ஓவருக்கும் அது வரவேண்டும் என்று.

தம்பி, இது எழுத்து. கிரிக்கெட்டும் வரியும் ஒரு கிளாஸ் டீக்குள் வந்துவிட்டன. இதில் ஒரு கோடிகூட இல்லை. நாற்பது வருஷம் வணிகப் பக்கம் படித்தவன் இப்படி ஒரு பத்தியைப் பார்த்ததில்லை, இனிப் பார்ப்பான் என்றும் தோன்றவில்லை. ஆசிரியர் குழுவில் யாராவது நீளம் கருதி இதை வெட்டப் பார்த்திருந்தால் அவர் கை விளங்காது. கட்டுரையின் மற்றப் பக்கங்களைக் கிழித்தெறிந்துவிட்டு அந்த டீயிலிருந்து மறுபடி தொடங்கலாம். தேதி அங்கே இருக்கிறது, பாருங்கள்: செப்டம்பர் 28. தம்பியின் கை தானாகவே போட்டிருக்கிறது.

அடுத்த வாரம் வாணியம்பாடிக்கு வருவதாக இருந்தால் வீட்டுக்கு வரலாம். 1990ஆம் வருஷத்துப் பேரேடு ஒன்று பரணில் இருக்கிறது. கரையான் ஓரத்தைத் தின்றாலும் ‘வரவேண்டியது’ பத்தி முழுசாக இருக்கிறது. வரும்போது ஒரு விவரமும் கொண்டுவரவேண்டும். இந்தக் கட்டுரைக்குப் பத்திரிகை சன்மானம் எவ்வளவு பேசியது? பணம் வந்துவிட்டதா? வந்திருந்தால், எந்தத் தேதியில்?